உறைபனியை வேலை வாங்கும் ஊர்

கண்ணு, வீட்டிலோ பள்ளியிலோ உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள். இல்லையா? உலகப்படம் போதும்.

முதலில் சென்னையைத் தொடு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரி. இப்போது விரலை நிலநடுக்கோட்டைத் தாண்டி அதே அளவு தெற்கே இறக்கு. அங்கிருந்து மேற்கே நகர்த்திக்கொண்டே போ. ஆப்பிரிக்கா வரும். அட்லாண்டிக் கடல் வரும். பிரேசில் வரும். நிறுத்தாதே. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு நீண்ட மலைத்தொடர் தெரிகிறதா? அதுதான் ஆண்டீஸ்.

அந்த மலைமேல், பெரு நாட்டில், குஸ்கோ நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, சின்செரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. உழவர்கள் ஊர். உருளைக்கிழங்கு, வாற்கோதுமை, கினோவா எல்லாம் விளைகிறது. வீட்டில் கெச்சுவா மொழி பேசுகிறார்கள். பள்ளியிலும் கடையிலும் ஸ்பானியமும் பேசுகிறார்கள். செம்மறி ஆட்டுக் கம்பளியையும் அல்பாகா என்ற விலங்கின் ரோமத்தையும் நூலாக நூற்று, அழகழகாகத் துணி நெய்கிறார்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. சென்னையும் சின்செரோவும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். சென்னையில் தண்ணீர் தானாக உறைந்து நீ பார்த்திருக்கிறாயா? சின்செரோவில் ஜூன் மாத இரவு ஒன்றில் வாளித் தண்ணீரை முற்றத்தில் வைத்துவிட்டுப் படுத்தால், விடிகாலையில் அதன்மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும்.

ஏன் அப்படி?

"அந்த ஊர் உயரத்தில் இருக்கிறது, அதனால்தான்" என்று சொல்லிவிட்டாய் அல்லவா? சபாஷ்! ஆனால் உன்னைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளை அதோடு விடாது. அடுத்த கேள்வி வரும். "உயரே போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்? சூடு கூடத்தானே வேண்டும்?"

மிக நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்செரோவின் உயரம் சுமார் 3,760 மீட்டர். அதாவது 4 கிலோமீட்டர்கூட இல்லை. சூரியன் இருக்கும் தூரமோ சுமார் 15 கோடி கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் 4 கிலோமீட்டர் கிட்டப் போனதால் ஒன்றும் ஆகிவிடாது. சூரியன் பக்கம் விடை இல்லை. விடை காற்றில் இருக்கிறது.

மாம்பழக் கடையில் பழங்களைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அடியில் கிடக்கும் பழம் மேலே உள்ள அத்தனை பழங்களின் பாரத்தையும் சுமந்து நசுங்குகிறது. உச்சியில் இருக்கும் பழத்துக்குப் பாரமே இல்லை. காற்றும் அப்படித்தான். கடலோரத்துக் காற்று, மேலே உள்ள எல்லாக் காற்றின் எடையையும் தாங்கி நெருங்கிக் கிடக்கிறது. மலை மேலே போகப் போகப் பாரம் குறைகிறது. காற்று தளர்ந்து விரிகிறது. சின்செரோவில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

சரி, விரிந்தால் என்ன? காற்று விரியும்போது குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திப் பார். சீறி வரும் காற்று விரலுக்குச் சில்லென்று இருக்கும். தரையில் சூடான காற்று மலைமேல் ஏறும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. 3.76-ஐ 6.5-ஆல் பெருக்கு. எவ்வளவு வந்தது? ஏறக்குறைய 24 டிகிரி! கடலோரத்தில் 30 டிகிரி வெயில் அடிக்கும் நேரத்தில், அந்த உயரத்தில் 6 டிகிரிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

இனி ஜூன் மாதத்துக்கு வருவோம். சின்செரோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஜூன் என்றால் குளிர்காலம். மழையில்லாத காலமும் அதுதான். வானத்தில் மேகமே இருக்காது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலைக்காற்று மெல்லியது அல்லவா, வெயிலைத் தடுக்க அதிகம் எதுவும் இல்லை. இரவில் அதற்கு நேர்மாறு. பகலில் வாங்கிய சூட்டைத் தரை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். காற்றில் ஈரம் இருந்தாலும் கொஞ்சம் தங்கும். ஜூனில் இரண்டுமே இல்லை. அதனால் பகலில் மேல்சட்டையைக் கழற்றும் அளவு வெயில், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர். இரண்டும் ஒரே நாளில்!

உழவர்களுக்கு உறைபனி பொதுவாக எதிரி. இளம் செடிமேல் ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், இலை கருகிவிடும். அதனால்தான் அந்த மலை மக்கள் பழங்காலத்திலேயே சரிவுகளில் கல் சுவர் எழுப்பிப் படிப்படியாக வயல் அமைத்தார்கள். சின்செரோவில் இன்றும் நீ அந்தப் படிவயல்களைப் பார்க்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் துப்பாக் இன்கா யுபான்கி என்ற இன்கா பேரரசர் அங்கே மாளிகை கட்டியபோது அமைத்தவை அவை. கல் சுவர் பகலில் வெயிலைக் குடித்து இரவில் மெல்ல மெல்லச் சூட்டை விடும். அதோடு, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சரிவில் இருக்கும் வயலைவிடக் கீழே தட்டையான வெளியில்தான் உறைபனி கடுமையாக இருக்கும்.

கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள். இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

மே, ஜூன் மாதங்களில் உருளைக்கிழங்கு அறுவடை முடிந்துவிடும். வீடு நிறையக் கிழங்கு. ஆனால் கிழங்கு எத்தனை நாள் இருக்கும்? உன் வீட்டுக் கூடையைப் பார்த்திருக்கிறாயே. சில வாரம் போனால் முளைவிடும், சுருங்கும், பிறகு அழுகும். ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய அறுவடைதான் என்றால், மீதி மாதங்களுக்கு என்ன சாப்பிடுவது? அடுத்த ஆண்டு மழை பொய்த்துவிட்டால்?

அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரியான உறைபனியையே கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள்!

சிறு கிழங்குகளாகப் பொறுக்கி, குளிர்காற்று வந்து தேங்கும் தட்டையான புல்வெளிக்குக் கொண்டுபோகிறார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன இடம் அதுதான். அங்கே கிழங்குகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புகிறார்கள். இரவில் உறைபனி இறங்கும். கிழங்கு கல் போல உறைந்துவிடும். பகலில் வெயில் வந்ததும் இளகும். மறுபடி இரவு உறையும், பகல் இளகும். இப்படிச் சில நாள் போன பிறகு, பெரியவர்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு கிழங்குக் குவியல்மேல் ஏறி மிதிக்கிறார்கள். கிழங்கிலிருந்து தண்ணீர் பிதுங்கி ஓடும். தோலும் உரிந்துவரும். பிறகு நன்றாக வெயிலில் காயவைக்கிறார்கள்.

கடைசியில் கிடைப்பது சிறிய, கெட்டியான, எடையே இல்லாத உருண்டை. அதன் பெயர் சுன்யோ. காயாத கிழங்கு சுமார் 5 கிலோ போட்டால் சுன்யோ 1 கிலோ தேறும். ஈரம் படாமல் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. சமைக்க வேண்டும் என்றால் தண்ணீரில் ஊறவைத்து, சூப்பிலோ குழம்பிலோ போட்டுவிடலாம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். வெயிலில் மட்டும் காயவைத்தால் போதாதா? உறைபனி எதற்கு?

நீ யோசித்துப் பார். கிழங்கில் 100 பங்கில் ஏறக்குறைய 80 பங்கு தண்ணீர். அது கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சின்னச் சின்ன அறைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்த அறைகளைத்தான் செல் என்கிறோம். முழுக் கிழங்கை வெயிலில் போட்டால் தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியே வராது. ஆனால் தண்ணீர் உறையும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. மற்ற பல பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரோ பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாக வளரும். அவை செல்களின் சுவரைக் கிழித்துவிடும். பூட்டு உடைந்துவிட்டது! இனி மிதித்தால் தண்ணீர் வெளியே ஓடிவரும்.

இதை நீயே செய்து பார்க்கலாம். அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுச் சின்ன உருளைக்கிழங்கு இரண்டு வாங்கிக்கொள். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியின் உறை அறையில் ஓர் இரவு வை. இன்னொன்றை வெளியே வை. மறுநாள் உறைந்த கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்து நன்றாக இளகவிடு. பிறகு இரண்டையும் கையால் பிழிந்து பார். வெளியே இருந்தது அசையாது. உறைந்து இளகியது கையில் குழைந்து தண்ணீர் விடும். அதை அப்படியே தட்டில் விட்டுவைத்தால் நிறம் கறுக்கத் தொடங்கும். கிழிந்த செல்லுக்குள் இருக்கும் சில பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் கறுப்பு அது. வெயிலில் நேராகக் காய்ந்த சுன்யோ கறுப்பாக இருப்பதும் இதனால்தான்.

வெள்ளைச் சுன்யோவும் உண்டு. சின்செரோப் பக்கம் அதை மொராயா என்பார்கள். அதைச் செய்யப் பொறுமை வேண்டும். இரவில் உறைந்த கிழங்கின்மேல் பகல் வெயில் படாதபடி வைக்கோலால் மூடுகிறார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். கடைசியாக மிதித்துக் காயவைக்கிறார்கள். சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளை வெளேரென்று வரும். சந்தையில் கறுப்பைவிட இதற்கு விலை அதிகம்.

ஓடும் தண்ணீரில் ஏன் ஊறவைக்க வேண்டும்? வெள்ளை நிறத்துக்காக மட்டும்தானா? இல்லை கண்ணு. இதில் இன்னும் பெரிய சங்கதி இருக்கிறது.

4,000 மீட்டருக்கும் மேலே நம் வீட்டு உருளைக்கிழங்கு வகைகள் தாக்குப்பிடிக்காது. அங்கே வளர்பவை கசப்புக் கிழங்குகள். உறைபனியைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. ஆனால் கிளைகோஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள் அவற்றில் நிறைய இருக்கிறது. பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் காவல் அது. வேகவைத்தாலும் அது போகாது. அப்படியே சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். உறையவைத்து, மிதித்து, தண்ணீரில் அலசினால் அந்த நச்சில் பெரும்பகுதி வெளியேறிவிடும். தின்ன முடியாத கிழங்கு நல்ல உணவாகிவிடுகிறது. அதே மலைத்தொடரில் உள்ள டிடிகாகா ஏரிப் பக்கத்து மக்கள் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துத் துவையல் போல வைத்துக்கொண்டு கிழங்கைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். களிமண் நச்சைப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் பாடப்புத்தகம் எதுவும் இல்லாத காலத்தில் கண்டறிந்தது இது! எத்தனை பேர் எத்தனை தலைமுறை கவனமாகப் பார்த்துப் பார்த்துச் சரி செய்திருக்க வேண்டும்! எனக்கு இதை நினைத்தாலே மனம் பொங்குகிறது.

நம் வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கிலும் அதன் முளையிலும் இதே வகை நச்சு கூடுகிறது. அப்படிக் கண்டால் அம்மாவிடமோ பாட்டியிடமோ காட்டு. பச்சையான கிழங்கைச் சமைக்க வேண்டாம் என்று சொல்.

சுன்யோவைப் பற்றி எழுதும் சிலர், இன்றைய தொழிற்சாலைகளில் செய்யும் உறைநிலை உலர்த்தலும் இதுவும் ஒன்றே என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தொழிற்சாலையில் உறைந்த உணவை வெற்றிடத்தில் வைத்துப் பனிக்கட்டியை நேராக ஆவியாக்குவார்கள். சுன்யோவில் பெரும்பாலான தண்ணீர் மிதியில் போகிறது, மீதி வெயிலில் போகிறது. ஆனால் முதல் படி, அதாவது உறையவைப்பது, இரண்டுக்கும் பொது.

இன்கா அரசர்கள் மலைச்சரிவுகளில் வரிசையாகக் கல் களஞ்சியங்கள் கட்டி அவற்றில் சுன்யோவை நிரப்பி வைத்தார்கள். போர் வீரர்களுக்கும் பஞ்ச காலத்துக்கும் அதுதான் கையிருப்பு. எடை குறைவு என்பதால் லாமா என்ற விலங்குகளின் முதுகில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்ப முடிந்தது. 1553-இல் வெளிவந்த தன் நூலில் பெத்ரோ சியெசா தே லியோன் என்ற ஸ்பானிய எழுத்தாளர் உருளைக்கிழங்கையும் சுன்யோவையும் பற்றி எழுதினார். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் பலருக்கு இந்தக் கிழங்கின் கதையே தெரியவந்தது. ஐரோப்பியர் கப்பல்களில் அது உலகமெல்லாம் சுற்றி நம் அடுப்புக்கும் வந்து சேர்ந்தது. நீ சாப்பிடும் உருளைக்கிழங்குப் பொரியலின் பூர்வீகம் ஆண்டீஸ் மலை. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அதைப் பயிராக்கிவிட்டார்கள்.

அங்கே எத்தனை வகை தெரியுமா? ஆண்டீஸ் மலையின் நாட்டு வகைகள் மட்டும் 4,000-க்கும் மேல். ஊதா, சிவப்பு, கறுப்பு, வெட்டினால் உள்ளே பூ வட்டம் போட்டவை, விரல் போல நீண்டவை, முடிச்சு முடிச்சாகப் பார்க்கவே வேடிக்கையானவை. ஒரே குடும்பம் ஒரே வயலில் பல வகைகளைக் கலந்து நடும். தோலுரிக்கக் கஷ்டம், ஒரே அளவில் இருக்காது, சந்தையில் விற்பதும் சிரமம். ஆனாலும் ஏன் நடுகிறார்கள்? ஒன்று உறைபனியைத் தாங்கும். ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்றுக்கு நோய் வராது. எந்த ஆண்டு எது வந்தாலும் சில வகைகளாவது தப்பிக்கும். 1845-இல் அயர்லாந்தில் இலைக்கருகல் நோய் வந்தபோது என்ன நடந்தது? அங்கே ஏழைகள் பெரும்பாலும் ஒரே வகைக் கிழங்கை நட்டு அதையே நம்பி வாழ்ந்தார்கள். அந்த வகைக்கு நோயைத் தடுக்கும் சக்தி இல்லை. அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்துபோனார்கள். பல வகை விதைக்கிழங்கைக் காப்பது அவ்வளவு முக்கியமான வேலை. பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் 1971 முதல் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இந்த வேலையைச் செய்கிறது. குஸ்கோ பக்கத்துப் பிசாக் ஊருக்கு மேலே உள்ள மலைக் கிராமங்கள் சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா ஒன்றே நடத்துகின்றன. அங்கே வகைகள் ஆய்வகக் குப்பியில் இல்லை, வயலில் வளர்கின்றன.

அடுப்பைப் பற்றியும் ஒரு சேதி சொல்லிவிடுகிறேன். சின்செரோவில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? "100" என்றால் சென்னைக்கு அது சரி. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சின்செரோவில் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிறகு எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பானைத் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. அதனால் கிழங்கு வேக அதிக நேரம் ஆகும். பிரஷர் குக்கர் அங்கே எவ்வளவு உதவும் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும்.

அறுவடை நாளில் வயலிலேயே இன்னொரு வகைச் சமையல் உண்டு. அதன் பெயர் வத்தியா. மண்கட்டிகளை அடுக்கிச் சின்னக் குடிசை போல அடுப்புக் கட்டி, உள்ளே தீ மூட்டுவார்கள். கட்டிகள் நன்றாகக் காய்ந்து பழுத்ததும் கிழங்கை உள்ளே போட்டு, அடுப்பையே அதன்மேல் இடித்துத் தள்ளிவிடுவார்கள். சூடான மண் கிழங்கைச் சுட்டுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டி எடுத்துச் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். மண் வாசனையோடு! பக்கத்து வயல்காரர்களும் வந்து உட்கார்வார்கள். இன்று நீ என் வயலுக்கு வா, நாளை நான் உன் வயலுக்கு வருகிறேன் என்று முறை வைத்து உழைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஐனி என்பார்கள்.

இனி வானத்துக்குப் போவோமா? களைப்பாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வா. இந்தப் பகுதியை அரைத்தூக்கத்தில் படிக்கக்கூடாது.

கார்த்திகை நட்சத்திரம் உனக்குத் தெரியும்தானே? ஆறு விண்மீன் ஒன்றாய்க் கூடியிருக்கும் சின்னக் கொத்து. அதே கொத்துதான் ஆண்டீஸ் உழவர்களுக்கும் முக்கியமான நட்சத்திரம். மே மாதத்தில் அது சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஜூனில் விடியலுக்கு முன் மறுபடியும் கிழக்கே எழும். ஜூன் 24 புனித யோவான் திருநாள். அந்த நாளை ஒட்டி உழவர்கள் குளிரைப் பொருட்படுத்தாமல் இருட்டிலேயே மேட்டுக்கு ஏறி நின்று அந்தக் கொத்தைப் பார்ப்பார்கள். பளிச்சென்று பெரிதாகத் தெரிந்தால் மழை நேரத்தில் வரும், விளைச்சல் நன்றாக இருக்கும் என்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதமாகும், குறையும் என்பார்கள். அந்த ஆண்டு கிழங்கு நடுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவார்கள். இந்த வழக்கம் குறைந்தது 400 ஆண்டு பழமையானது.

நீ என்ன நினைக்கிறாய்? நட்சத்திரத்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு? அது எங்கோ கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மழை இங்கே பெய்கிறது. வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடலாமா?

மூன்று ஆய்வாளர்கள் அப்படித் தள்ளிவிடவில்லை. பென் ஓர்லவ் என்பவர் மக்களின் வாழ்க்கை முறைகளை ஆராய்பவர். ஜான் சியாங்கும் மார்க் கேனும் வானிலையையும் கடலையும் ஆராய்பவர்கள். மூவரும் சேர்ந்து செயற்கைக்கோள் எடுத்த மேகப் பதிவுகளையும், மழைக் கணக்கையும், கிழங்கு விளைச்சல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதை 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் வெளியிட்டது.

என்ன கண்டார்கள்? மெதுவாகச் சொல்கிறேன், கூடவே வா.

பசிபிக் கடலில் சில ஆண்டுகளில் பெரு நாட்டுப் பக்கத்துத் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிடும். இதை எல் நினோ என்பார்கள். செய்தியில் கேட்டிருப்பாய். கடல் சூடானால் ஈரக்காற்று மிக உயரத்துக்கு ஏறும். அந்த உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள் பரவும். எவ்வளவு மெல்லியவை என்றால், பகலில் பார்த்தால் வானம் சுத்தமாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் இரவில் சின்ன நட்சத்திரங்களின் ஒளியை அவை மங்கவைத்துவிடும்.

அதே எல் நினோ அந்த மலைக்கு மேலே வீசும் காற்றையும் மாற்றுகிறது. அமேசான் காட்டிலிருந்து மலைக்கு வரவேண்டிய ஈரக்காற்று தடைபடுகிறது. அதனால் அக்டோபருக்குப் பிறகு வரவேண்டிய மழை அந்த மலைப்பகுதியில் குறைகிறது.

பார்த்தாயா? நட்சத்திரம் மழையைக் குறைக்கவில்லை. கடலின் சூடு நட்சத்திரத்தையும் மங்கலாக்குகிறது, மழையையும் குறைக்கிறது. ஒரே காரணத்துக்கு இரண்டு விளைவு. முதல் விளைவு ஜூனிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது வரச் சில மாதம் ஆகும். அந்த இடைவெளியில் உழவர் முடிவெடுத்துவிடுகிறார். கிழங்கு நட்டபின் மழை வராமல் போனால் இளஞ்செடி வாடிவிடும். அதனால் தள்ளி நடுவது புத்திசாலித்தனம். இந்தக் கணிப்பு எல்லா ஆண்டும் பலிப்பதில்லை. வானிலை நிலையத்தின் கணிப்பும் எல்லா ஆண்டும் பலிப்பதில்லையே.

அந்தக் காலத்து உழவர்களுக்கு எல் நினோ என்ற பெயர் தெரியாது. கடல் சூடாவதும் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே காலத்தில், ஒரே கொத்தைப் பார்த்து, பிறகு மழை எப்படி வந்தது என்று ஒப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கவனமாகப் பார்ப்பது, ஒப்பிடுவது, மறக்காமல் வைத்திருப்பது. நானும் நீயும் பள்ளியில் அறிவியல் என்று படிப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சின்செரோ பழமையில் நின்றுபோன ஊர் என்று எண்ணிவிடாதே. அங்கே டிராக்டர் ஓடுகிறது. பிள்ளைகள் கையில் கைபேசி இருக்கிறது. ஊர் நிலத்தில் பெரிய பன்னாட்டு விமான நிலையம் ஒன்றின் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அதனால் வேலையும் வருமானமும் வரும் என்று சிலர் மகிழ்கிறார்கள். வயலும் பழைய படிச்சுவர்களும் என்ன ஆகும், குஸ்கோவுக்கே குடிநீர் தரும் பக்கத்து பியூராய் ஏரி என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாகத் தெரிகிறது. படிவயலை ஒருமுறை இடித்தால் மறுபடி கட்டுவது எளிதல்ல.

மலை சூடாகிவருவதும் அவர்களுக்குக் கவலை. வெப்பம் கூடினால் பூச்சியும் நோயும் கீழேயிருந்து மேலே ஏறுகின்றன. குஸ்கோ பகுதி உழவர்கள் கிழங்கை முன்பு நட்ட இடத்தைவிட உயரமான இடங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மேலே எங்கே போவது? அதோடு, சுன்யோ செய்ய நல்ல உறைபனி இரவுகள் வரிசையாக வேண்டும், மலை சூடானால் அவை குறையும். சூட்டையும் நோயையும் தாங்கும் கிழங்கு வகைகளைத் தேடுவதில் உழவர்களும் ஆய்வாளர்களும் இப்போது சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன், செய்வாயா? இந்த ஜூன் கடைசி வாரத்தில் ஒருநாள் வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதிகாலை 4 மணிக்கு மொட்டைமாடிக்குப் போ. கிழக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பார். நம் ஊரில் அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், மேகம் மறைத்தால் மறுநாள் முயற்சி செய். கார்த்திகைக் கொத்து தெரிந்ததும் எத்தனை மீன் எண்ண முடிகிறது என்று நோட்டில் எழுது. தேதியும் நேரமும் எழுது. வானம் தெளிவா, மங்கலா என்றும் எழுது. அடுத்த ஜூனிலும் அதே இடத்தில் நின்று அதையே செய். எண்ணிக்கை மாறியிருந்தால் ஏன் மாறியிருக்கும் என்று உனக்குத் தோன்றும் காரணங்களை எழுதி எனக்கு அனுப்பு. தெருவிளக்கு புதிதாக வந்திருக்கிறதா என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்.